கொழுப்புக்கட்டி: யாருக்கு வருகிறது, எப்போது காட்ட வேண்டும்?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற சுகாதார அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் முதலில் கேட்டது நீரிழிவைப் பற்றிய உரை. இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நீரிழிவைப் பற்றி நாங்கள் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சீனி குறையுங்கோ, நடவுங்கோ என்று எல்லா விழாவிலும் ஒருவர் சொல்வார். சொல்லி முடித்ததும் கேசரியும் வடையும் வரும். ஆகவே வேறொன்றைப் பேசலாமா என்று கேட்டோம். என்னவென்று கேட்டார்கள். “கட்டி” என்றோம். தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. நூற்றாண்டு விழாவில் கட்டியைப் பற்றியா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் வகுப்புத் தோழிகளுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று எங்கும் இருப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். நாற்பதைக் கடந்த பிறகு அந்தக் குழுவில் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளும் சேலைப் படங்களும் குறைந்துபோயின. அதற்குப் பதிலாகத் தனித் தனியே, இரவு பதினொரு மணிக்குப் பிறகு, வேறு படங்கள் வரத் தொடங்கின. ஒருத்தியின் முதுகு. இன்னொருத்தியின் மேற்கை. ஒருத்தி கணவரின் முன்னங்கைகள் இரண்டையும் எடுத்து அனுப்பியிருந்தாள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வசனம்: “ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இது என்னெண்டு பாருங்கோ.”

அவற்றில் பெரும்பாலானவை கொழுப்புக்கட்டிகள். வைத்தியத்தில் லைப்போமா என்போம். தோலுக்கும் தசைக்கும் இடையில் எல்லோருக்கும் ஒரு கொழுப்புப் படை இருக்கிறது. அங்குள்ள கொழுப்புக் கலங்கள் ஓரிடத்தில் பெருகி, மெல்லிய உறை ஒன்றுக்குள் திரண்டு நிற்பதுதான் இது. விரலால் அழுத்தினால் மாவைத் தொட்டதுபோல மெத்தென்றிருக்கும். ஓரத்தில் அழுத்தினால் விரலுக்கு அடியில் இருந்து வழுக்கி விலகும். மேலேயுள்ள தோல் சாதாரணமாகவே இருக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. வருடக்கணக்கில் மிக மெதுவாக வளரும், அல்லது வளராமலே அப்படியே கிடக்கும்.

இது எவ்வளவு சாதாரணமானது? வளர்ந்தவர்களின் மென்னிழையங்களில் உண்டாகும் கட்டிகளில் இதுதான் மிகக் கூடுதலாகக் காணப்படுவது. ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று சத்திரசிகிச்சை நூல்கள் சொல்கின்றன. சிறியதொன்றை வைத்துக்கொண்டு ஒருவருக்கும் காட்டாமல் வாழ்ந்து முடித்தவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. இந்த மண்டபத்தில் அறுநூறு பேர் இருக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் குறைந்தது ஆறு பேர். எங்கள் வயதையும் பார்த்தால் அதற்கும் கூட. ஏனென்றால் இது பெரும்பாலும் தலைகாட்டுவது நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில். சிறு பிள்ளைகளில் அரிது. ஆகவே அக்காமாரே, சேலைத் தலைப்பால் மறைத்தபடி “எனக்கு மட்டும் ஏன் இப்படி” என்று நினைத்துக்கொண்டு இருப்பவர் உங்களில் எவராயினும், உங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருப்பவரும் அதையே நினைத்துக்கொண்டு இருக்கக்கூடும்.

இனி எங்கள் ரீச்சரின் கதை. சொல்வதற்கு அனுமதி வாங்கியிருக்கிறோம். “சொல்லுங்கோ பிள்ளை, பேர் மட்டும் வேண்டாம்” என்றார். பெயர் சொல்லாவிட்டாலும் தொண்ணூறுகளில் படித்த எல்லோருக்கும் ஆளைத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர். இடது தோளின் பின்பக்கத்தில் அவருக்கு ஒரு கட்டி இருந்தது. கரும்பலகையில் எழுதத் திரும்பும்போது சட்டைக்கு மேலால் தெரியும். எழுதும்போதெல்லாம் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொள்வார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் ஒட்டகத்தைப் பற்றிப் படிப்பித்தார். அதன் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. உணவு இல்லாத காலத்தில் அந்தக் கொழுப்பு கரைந்து திமில் சுருங்கிச் சரிந்துவிடும் என்றார். பின்வாங்கிலிருந்து யாரோ மெல்லச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. அது என்னவென்று இங்கே சொல்லத் தேவையில்லை. அதை வைத்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்குப் போனது இங்கே பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் ரீச்சரைக் கொடிகாமத்தில் சந்தித்தபோது அவர் பாதியாகிப் போயிருந்தார். கன்னம் ஒட்டி, கைகள் மெலிந்து, சேலை நிற்காமல் வழுகியது. ஆனால் தோளிலிருந்த கட்டி மட்டும் அப்படியே இருந்தது. உடம்பு மெலிந்ததால் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஓலைக் கொட்டிலில் எங்களுக்குப் பாடம் எடுத்தபோது, கட்டி ஏன் கரையவில்லை என்று அவர் படிப்பித்த பிள்ளைகளான எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

மருத்துவபீடத்துக்குப் போன பிறகுதான் அதற்குப் பதில் கிடைத்தது. கொழுப்புக்கட்டியிலுள்ள கொழுப்பு உடம்பின் சேமிப்புக் கணக்கில் சேராதது. பட்டினி கிடந்தாலும் உடம்பு அதில் கைவைப்பது இல்லை என்று சொல்லலாம். ஒட்டகத்தின் திமிலும் இதுவும் ஒன்றல்ல. இதனால்தான் சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, பத்துக் கிலோ இறக்கினாலும் கொழுப்புக்கட்டி போவதில்லை. நடைப்பயிற்சிக்கு வேறு நூறு காரணங்கள் இருக்கின்றன, இது அவற்றில் சேராது.

அதேபோல மெலிந்தவர்களுக்கும் இது வரும். “கொழுப்புக்கட்டி” என்ற பெயரே பலரை ஏமாற்றுகிறது. எண்ணெய்ச் சாப்பாடு, கொலஸ்ட்ரோல், உடம்புப் பருமன் எல்லாம் திரண்டு கட்டியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பருமனானவர்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் உங்கள் கட்டிக்கு நீங்கள் சாப்பிட்ட முறுக்கு காரணமல்ல. தனிக் கட்டிகள் பலவற்றில் 12ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகில் மாற்றம் காணப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டியின் கலங்களுக்குள் மட்டும் நிகழ்ந்த மாற்றம் அது. பிள்ளைகளுக்குப் போவதில்லை. அடிபட்ட இடத்தில் பிறகு கட்டி வந்தது என்று பலர் சொல்வார்கள். அடி கட்டியை உண்டாக்கியதா, ஏற்கெனவே இருந்ததை அடிபட்டபோது தடவிப் பார்த்ததில் கண்டுபிடித்தோமா என்பதில் வைத்தியர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பெரும்பாலானோருக்கு ஒன்றே ஒன்றுதான் வரும். கழுத்தின் பின்புறம், தோள், முதுகு, மேற்கை, தொடை ஆகியன அதற்குப் பிடித்த இடங்கள். ஆனால் கணவரின் கைப் படத்தை அனுப்பிய தோழியின் விடயம் வேறு. முன்னங்கை இரண்டிலும் சிறிது சிறிதாக, கச்சான் விதை அளவிலும் நெல்லிக்காய் அளவிலும் பதினைந்து இருபது இருந்தன. “உங்கட மாமாவுக்கு இருந்ததோ?” என்று கேட்டோம். மாமாவுக்கு இருந்தது. கணவரின் அண்ணருக்கும் இருக்கிறது. இது குடும்பத்தில் வருவது. முப்பது வயதளவில் தொடங்கும், ஆண்களில் கூடுதலாகக் காணப்படும். பெற்றாரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரிய தீங்கு இல்லை. “கலியாணம் பேசேக்க இதை ஒருத்தரும் சொல்லேல்லையே” என்று அவள் எழுதியிருந்தாள். சொல்லியிருந்தால் மறுத்திருப்பாயோ என்று கேட்டோம். சிரிப்புப் படம் ஒன்று வந்தது.

பெண்களில் கூடுதலாகக் காணப்படும் அரிய வகை ஒன்றும் உண்டு. பிலடெல்பியாவைச் சேர்ந்த நரம்பியல் வைத்தியர் பிரான்சிஸ் டேர்க்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை விவரித்தார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம் வந்தபோது பார்க்கப் போனவரும் இவர்தான். நடுவயதில், பெரும்பாலும் பருமனான பெண்களில், உடம்பில் பல இடங்களில் கொழுப்புக்கட்டிகள் தோன்றி ஆறாத வலி கொடுக்கும். களைப்பும் சேரும். இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், அதுவும் அவர் பருமனானவராக இருந்தால், எங்கள் வைத்தியர்களே சில வேளை காதில் போட்டுக்கொள்வதில்லை. கொழுப்புக்கட்டி வலிக்காது என்று படித்ததைத் திருப்பிச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். இந்த வகை மட்டுமல்ல, இளவயதினரின் முன்னங்கையில் வரும், குருதிக் குழாய்கள் கலந்த சிறு கொழுப்புக்கட்டிகளும் வலிக்கும். வலிக்கும் கட்டியை வைத்தியர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எல்லா வீக்கமும் கொழுப்புக்கட்டியும் அல்ல. நடுவில் சிறு கறுப்புப் புள்ளியோடு, தோலோடு ஒட்டியபடி இருந்தால் அது தோலிலிருந்து வரும் நீர்க்கட்டி வகை. அதைப் பிதுக்கக் கூடாது, சீழ் பிடிக்கும். இன்சுலினை வயிற்றில் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு அந்த இடம் தடித்து எழும்பும். அதுவும் வேறு. அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது. இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். அம்மம்மாமாருக்கு ஒன்று: பிறந்த குழந்தையின் முதுகின் அடியில், நடுக்கோட்டில் மெத்தென்ற வீக்கம் இருந்தால் “கொழுப்புத்தான், வளரப் போய்விடும்” என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். அது முள்ளந்தண்டு நாணோடு தொடர்புள்ளதாக இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

ரீச்சரிடம் திரும்புவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டோம். ஓய்வுபெற்று நாளாகியிருந்தது. மண்டபப் படியில் ஏறும்போது வலது காலைச் சற்று இழுத்தார்.

“என்ன ரீச்சர், முழங்காலோ?”

“இல்லைப் பிள்ளை. தொடையில ஒரு கட்டி. பழசு மாதிரித்தான், கொழுப்புக்கட்டி. உங்கட ஒட்டகத்துக்கு இப்ப ரெண்டு திமில்.”

முப்பது வருடமாக எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் என்று நாங்கள் நினைத்திருந்த பட்டப்பெயர் அது. எங்களுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

எவ்வளவு காலம் என்று கேட்டோம். இரண்டு வருடம் என்றார். ஒரு வைத்தியரிடம் காட்டியும் இருக்கிறார். தோளில் ஏற்கெனவே ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, சேலைக்கு மேலாலேயே, “இதுவும் அதுதான்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வைத்தியரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் நாங்களும் செய்யக்கூடிய தவறு அது.

மணமகள் அறையின் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தோம். கட்டி தொடையின் ஆழத்தில் இருந்தது. விரலுக்கு அடியில் வழுகவில்லை. தசையை இறுக்கச் சொன்னால் அதோடு சேர்ந்து இறுகியது. ஒரு பெரிய மாங்காய் அளவு. கடைசி ஆறு மாதத்தில்தான் வேகமாகப் பெருத்தது என்றார். ரீச்சர் பந்தியில் இருந்து சாப்பிட்டார். எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே கடிதம் கொடுத்து அனுப்பினோம். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்து, ஊசியால் இழையம் எடுத்துப் பரிசோதித்தபோது அது கொழுப்பிழையப் புற்றுநோய் என்று வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தோளிலிருந்த கட்டி புற்றுநோயாக மாறவில்லை. சாதாரண கொழுப்புக்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. தொடையிலிருந்தது தொடக்கத்திலிருந்தே வேறொன்று. பழையதுபோல இருந்ததால் ஒருவரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். முதற்கட்டி ரீச்சருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அதைப் பற்றி அவர் பட்ட வெட்கம்தான் தீங்கு செய்தது. வெட்கத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். இரண்டாவது கட்டியை இரண்டு வருடம் ஏன் திரும்பக் காட்டவில்லை என்று பிறகொரு நாள் கேட்டோம். “திரும்பவும் ஆக்கள் பார்க்கிறதோ?” என்றார்.

பெரிய சத்திரசிகிச்சை. பிறகு கதிர்ச் சிகிச்சை. தொடைத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு ஸ்கானுக்குப் போகிறார், ஏனென்றால் இந்த வகைப் புற்றுநோய் சுவாசப்பைக்குப் பரவக்கூடியது. இதுவரை ஒன்றுமில்லை. முதல் வரிசையில் தடியோடு இருக்கிறார். தயவுசெய்து எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

ஆகவே கட்டி ஒன்று இருந்தால் எப்போது உடனே காட்ட வேண்டும் என்று கேட்டால்: 5 சென்ரிமீற்றரிலும் பெரிதாக இருந்தால், அதாவது ஒரு பெரிய தேசிக்காயிலும் பெரிதென்றால், சில மாதங்களில் பருத்தால், வலித்தால், கல்லுப்போல இருந்தால், ஆழத்தில் அசையாமல் இருந்தால், எடுத்த இடத்தில் திரும்ப வந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். காட்டச் சொல்வதால் புற்றுநோய் என்று பொருளல்ல. காட்டும் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமலே முடியும்.

மார்பில் வரும் கட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. சிறிதோ பெரிதோ, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், வழுகினாலும் வழுகாவிட்டாலும் காட்ட வேண்டும். மார்பிலும் கொழுப்புக்கட்டி வரும், உண்மைதான். ஆனால் அதற்கு அந்தப் பெயரை வைக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் எங்களுக்கும் இல்லை. பரிசோதனை, ஸ்கான், தேவையென்றால் ஊசிப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகே பெயர். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்புப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதில் ஒருமுறையும் நாற்பத்தைந்தில் ஒருமுறையும் கூப்பிடுவார்கள். காசில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து சொன்னாலும், “ரீச்சர் மாரும் பாங்க் மனேஜர்மாரும் போற இடமில்லை” என்று எங்கள் வகுப்பிலேயே சிலர் போகவில்லை. படிப்பு இங்கே குறுக்கே நிற்கிறது.

கொழுப்புக்கட்டிதான் என்று உறுதியானால் அதை எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உறுத்தினால், நரம்பை அழுத்தினால், பார்க்க மனம் சங்கடப்பட்டால் எடுக்கலாம். விறைப்பு ஊசி போட்டு, சிறிதாக வெட்டி, உறையோடு எடுத்தால் நுங்கைக் கோதி எடுத்ததுபோல வந்துவிடும். பழுத்த பலாச்சுளையின் மஞ்சள். அன்றே வீட்டுக்குப் போகலாம். உறையோடு முழுதாக எடுத்தால் அந்த இடத்தில் திரும்ப வருவது குறைவு. எடுத்ததை இழையப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள், அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். லண்டனில் இருக்கும் தோழிகள் “இங்க எடுக்கமாட்டினமாம்” என்று கோபப்படுகிறார்கள். அழகுக்காக மட்டும் என்றால் அங்கே அரச மருத்துவ சேவையில் பொதுவாக எடுப்பதில்லைத்தான். அதற்காக விடுமுறையில் ஊருக்கு வந்து, விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னர் எடுக்கச் சொல்லி நிற்காதீர்கள். தையல் வெட்ட யாரிடம் போவீர்கள்? சூடான ஒத்தடம், சுண்ணாம்பு, அழுத்தித் தேய்த்தல் எதுவும் இதைக் கரைக்காது. சுண்ணாம்பு வைத்துத் தோல் வெந்து வந்தவர்களுக்கு மருந்து கட்டியிருக்கிறோம்.

தோளிலிருந்த கட்டியையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று சத்திரசிகிச்சை நிபுணர் ரீச்சரிடம் கேட்டாராம். “அது கிடக்கட்டும், பிள்ளையளுக்கு என்னை அடையாளம் தெரியவேணுமே” என்று சொல்லிவிட்டார்.

தேநீர் இடைவேளையில் பழைய விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நாங்கள் மூன்று பேர் இருப்போம். மூவரும் இந்தப் பாடசாலைப் பிள்ளைகள். திரை கட்டியிருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, பெயர் பதியமாட்டோம். சந்தேகமான கட்டி இருப்பவர்களுக்குக் கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தருவோம். வாசலில் இருந்து ஒவ்வொருவராக உள்ளே விடும் பொறுப்பை ரீச்சர் தானே கேட்டு வாங்கியிருக்கிறார். வரிசையில் கதைத்தால் அவரிடம் பேச்சு வாங்க வேண்டி வரும்.